சம்பளமில்லாத நான்கு வாரம்

ஜானெட் தோர்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய், பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் வாசலில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. எத்தனை நிமிஷம் ஆகும், எந்த நிறுத்தத்தில் இறங்கினால் நடை குறையும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளப் போனாளாம். இருபத்தாறு நிமிஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்து வேறு, திங்கட்கிழமை போக்குவரத்து வேறு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. மறுநாள் ஏழே காலுக்கே கிளம்பிவிட்டாள்.

எட்டு மணிக்கு நான் போனபோது கதவோரம் அவள் மட்டும் நின்றிருந்தாள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் கிரிம்ஸ்பியில் ஜனவரிக் காற்று காதை அறுக்கும். அவள் தொப்பியைக்கூட இழுத்து விடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி வந்துதா?" என்று கேட்டேன்.

"வந்துது. உங்களுக்கும்தானா?"

"ஆமா. கட்டாயம் கட்டாயம்னு மூணு எடத்துல போட்டிருக்கான்."

"எனக்கு நாலு எடத்துல," என்றாள். "எண்ணிப் பாத்தேன்."

அப்படித்தான் பழக்கமானோம். என் பெயர் கோர்டன் லீக். மீன் பதனிடும் ஆலையில் எந்திரம் பழுது பார்த்தவன். ஆலை மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பக்கத்து ஊர் கிளீதோர்ப்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். இல்லத்தை வேறொருவர் வாங்கியதும், மூன்று பேர் செய்த வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று சொல்லி அவளையும் இன்னொருத்தியையும் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மாதமாக, வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையில் இருந்தாள். வாரம் தவறாமல் விண்ணப்பம் போட்டும் எங்கிருந்தும் பதில் இல்லை.

எங்களைக் கூப்பிட்டிருந்தது அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு தனியார் கம்பெனி. வேலையில்லாதவர்களை வேலைக்குத் திருப்பும் திட்டம் என்றார்கள். போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். தேநீர் இடைவேளையில் பேச்செல்லாம் இதுதான். ஒன்பது நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கு நிறுத்திவிட்டார்களாம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கும் நிறுத்திவிட்டார்களாம். யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நடந்தது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஜானெட் கேட்டுக்கொண்டிருப்பாள். மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருப்பாள். இரண்டாவது வாரத்தில் அங்கே தோல் சிவந்து தடித்துவிட்டது.

ஆலோசகர் என்ற பெயரில் எங்களை மேய்க்க ரீஸ் என்ற இருபத்தாறு வயதுப் பையனைப் போட்டிருந்தார்கள். கெட்டவன் இல்லை. ஏதாவது கேட்டால் நம் முகத்தைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்துப் பதில் சொல்வான். பயோடேட்டாவில் எழுத, உங்கள் திறமை என்ன என்று ஜானெட்டிடம் கேட்டான்.

"துணியில கறை எப்படி வந்துச்சுன்னு பாத்தே சொல்லிடுவேன். ரத்தமா, குழம்பா, மருந்தான்னு."

அவன் 'நுணுக்கமான கவனிப்புத் திறன்' என்று தட்டினான்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஆளுக்கொரு இடம் ஒதுக்கினார்கள். நான்கு வாரம், வாரத்துக்கு முப்பது மணி நேரம், சம்பளம் கிடையாது. எனக்குப் பழைய மரச்சாமான் விற்கும் கிடங்கு வந்தது. ஜானெட்டின் தாளை ரீஸ் சிரித்தபடியே நீட்டினான்.

"உங்களுக்குன்னே அமைஞ்ச மாதிரி ஒரு எடம் ஜானெட். முதியோர் இல்லம், சலவை அறை."

அவள் தாளைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது நான் வேல பாத்த எடம்."

"அப்ப பழகின எடம். நல்லதுதானே?"

"பதினாலு வருஷம் சம்பளம் வாங்கிட்டுப் பாத்த வேல தம்பி."

"இது வேல இல்லீங்க. அனுபவம்."

"எனக்கு அனுபவம் இல்லாமயா இத்தன வருஷம் வெச்சிருந்தாங்க?"

ரீஸ் திரையைப் பார்த்தான். போகவில்லையென்றால் பதின்மூன்று வாரம் உதவித்தொகை நிற்கும் என்பதை வாசித்தான். அவன் காது சிவந்திருந்தது. ஜானெட் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மாலை பஸ்ஸில் அவள் எனக்குச் சொன்னது. இருவருக்கும் ஒரே பஸ்தான்.

சலவை அறையில் மிச்சமிருந்த ஒரே ஆள் பாலின். இருவரும் பத்து வருஷம் ஒரே மேசையில் துணி மடித்தவர்கள். ஜானெட்டைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியாடி! திரும்ப எடுத்துட்டாங்களா?"

"இல்லடி. அந்தத் திட்டத்துல அனுப்பியிருக்காங்க. நாலு வாரம்."

"சம்பளம் யாரு தர்றா?"

"யாரும் இல்ல."

பாலின் கட்டிக்கொண்ட கையை விலக்கிக்கொண்டு, துண்டுகளை மடிக்கப் போய்விட்டாள். இரண்டாவது வாரம் புதன்கிழமை புது டியூட்டி சார்ட் ஒட்டினார்கள். பாலினுக்கு வாரம் இருபத்து நாலு மணி நேரமாக இருந்தது பதினாறாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து அவள் சொன்னாளாம்: "உம்மேல கோவமில்லன்னு சொல்லத்தான் நெனைக்கறேன். வாயில வர மாட்டேங்குது."

அன்றிலிருந்து ஜானெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையை நன்றாகச் செய்தால் பாலினுக்கு ஆபத்து. சரியாகச் செய்யவில்லையென்று மேனேஜர் எழுதிவிட்டால் இவளுக்கு ஆபத்து. மெதுவாகச் செய்வது என்று முடிவு பண்ணினாள். ஆனால் அங்கே வில்ஃப்ரெட் என்று ஒரு கிழவர், பழைய மீன்பிடி இழுவைப் படகு மாலுமி. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சலவை அறைக் கதவுக்கே வந்துவிட்டார்.

"எங்க போய்த் தொலைஞ்சே பொண்ணே? ஒம்போது மாசமா எவனோட பனியனையோ போட்டுட்டுத் திரியறேன். அதுவும் ரோஸ் கலர்ல!"

வேலை போனதற்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாளாம். சிரித்த வேகத்தில் அவருடைய சட்டைகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டாள். அடுத்தவர் துணிகளையும் எடுத்துப் பெயர் பார்த்துப் பிரித்தாள். நிமிர்ந்தபோது மணி இரண்டு. மறுநாள் பாலின் வந்து செய்ய வேண்டிய வேலையும் முடிந்திருந்தது.

"என் கையே எனக்குச் சொன்ன பேச்சு கேக்கல கோர்டன்," என்றாள் அன்று மாலை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கம்பெனி கொடுத்த பதினான்கு பக்க விதிமுறையை முழுக்கப் படித்தவன் எங்களில் நான் ஒருவன்தான். எந்திரக் கையேடு படித்தே பழகிய கண். பதினோராம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: சம்பளத்துக்கு ஆள் பார்க்கும் வேலையைப் பிடுங்கி இந்தத் திட்டத்து ஆட்களிடம் கொடுக்கக் கூடாது. நான் கிடங்குக்குப் போன இரண்டாம் நாளே அங்கே வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வரி எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அவளிடம் அந்த வரியைச் சொன்னேன். சொன்ன கையோடு தடுக்கவும் செய்தேன்.

"வேணாம் ஜானெட்டு. ரெண்டரை வாரம்தான் மிச்சம். பல்லக் கடிச்சிட்டு ஓட்டிடு."

"எனக்கு ரெண்டரை வாரம். அப்புறம் இன்னொருத்தி வருவா. அதுக்கப்புறம் இன்னொருத்தி. பாலின் என்ன பண்ணுவா?"

"உனக்கு நிறுத்திட்டா நீ என்ன பண்ணுவே?"

அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜானெட் பாலின் வீட்டுக்குப் போனாள். பாலின் கதவைப் பாதி திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றாள். புது டியூட்டி சார்ட்டும் பழையதும் வேண்டும் என்றாள் இவள்.

"உனக்கென்ன பைத்தியமா? மிச்சமிருக்கற பதினாறும் போயிடும்டி."

"போனாலும் போகலாம்."

"உனக்கும் போயிடும்."

"தெரியும். நேத்துலேர்ந்து தூக்கமே இல்ல."

பாலின் வாசலிலிருந்து விலகினாள். "எனக்கு புதன்கிழமைலேர்ந்து," என்று சொல்லிவிட்டுக் கதவை முழுசாகத் திறந்தாள். இரண்டு தாள்களும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் ஒட்டியிருந்தன.

கம்பெனிக்குக் கொடுக்கும் புகார்க் கடிதத்தை ஜானெட் நான்கு தடவை எழுதினாள். எழுத்துப் பிழையை மட்டும் நான் திருத்தினேன். கோபமாக ஒரு சொல் இல்லை. யாருக்கு எத்தனை மணி நேரம் இருந்தது, எந்தத் தேதியில் குறைந்தது, தான் எந்தத் தேதியில் வந்தோம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசியில்: 'நான் இந்த வேலையைச் செய்ய மறுக்கவில்லை. சம்பளம் கொடுத்தால் நாளைக்கே வருகிறேன்.'

ரீஸ் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான்.

"இத நான் வாங்கிக்கலன்னு வெச்சுக்கலாமா?"

"வேணாம் தம்பி. வாங்கிட்டேன்னு இன்னொரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

சொல்லிவிட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாளாம். அவன் கையெழுத்துப் போட்டான். "மேல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அங்க போக வேணாம்," என்றான். போக வேண்டாம் என்று அவன் சொன்னதையும் எழுதி வாங்க அவளுக்குத் தோன்றவில்லை.

எட்டு நாள் கழித்து உதவித்தொகை வரவில்லை. காரணம் கேட்டால், இல்லத்துக்கு வராமல் நின்றுவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றார்கள். அவள் வீட்டுக்கு நான் போனபோது அடுப்படியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஹீட்டரை அணைத்து வைத்திருந்தாள்.

"நீ சொன்ன பேச்ச கேட்டிருக்கணும்," என்றாள்.

நான் கொண்டுபோன மீனைச் சமைத்து வைத்துவிட்டு வந்தேன்.

அப்படியே ஐந்து வாரம். தேவாலயக் கூடத்தில் உணவுப் பொட்டலம் கொடுக்கும் வரிசையில், தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாலின் வாரம் இரண்டு முறை பாத்திரத்தோடு வருவாள். மேல்முறையீட்டுக் காகிதத்தை நிரப்பி அனுப்பிவிட்டுத் தபால்காரரின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தாள். தபால் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம். வந்தால் பிரிக்கப் பயம். மூன்றாவது வாரத்தில் ரீஸிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டாள்.

"போக வேணாம்னு நீதானே சொன்னே?"

ரீஸ் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "ஆமா, நான்தான் சொன்னேன்," என்றான்.

"அத அவங்ககிட்ட சொல்லேன்."

"சொன்னா என்னய இங்க வெச்சிருக்க மாட்டாங்க ஜானெட்."

"அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம். அவனைத் திட்ட மனசு வரவில்லை என்றாள். அவன் பயம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா!

ஆனால் அவன் சொல்லிவிட்டான். இரண்டு வாரம் கழித்து வந்த முடிவில், ஆலோசகரே எழுத்தில் ஒப்புக்கொண்டதால் தடை நீக்கப்படுகிறது என்றிருந்தது. நின்றுபோன பணமும் வந்து சேர்ந்தது. இல்லத்துக்கு இனி இந்தத் திட்டத்து ஆட்கள் அனுப்பப்பட மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பாலினுக்கு இருபது மணி நேரம் திரும்பக் கிடைத்தது. மிச்சம் நாலு கிடைக்கவேயில்லை. மன்னிப்பு என்று யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை. ஜானெட்டை மீதி நாட்களுக்குப் பழைய துணிக் கடை ஒன்றுக்கு அனுப்பினார்கள். போய் முடித்துக் கொடுத்தாள்.

ரீஸ் எங்களைக் கவனிப்பதிலிருந்து மாற்றப்பட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை.

மே மாதம் ஜானெட்டுக்கு வேலை கிடைத்தது. பாலினின் நாத்தனார் சொல்லி, கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வாரம் இருபத்திரண்டு மணி நேரம். திட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்றாவது வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாளாம்.

"வாழ்த்துக்கள் மிஸஸ் தோர்லி! எங்க திட்டம் மூலமா வேலைக்குப் போனவங்க பட்டியல்ல உங்க பேரச் சேத்திருக்கோம். ஒரு படிவம் அனுப்பறோம், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

"எதுக்கு?"

"வேலை கிடைக்க நாங்க எந்த வகையில உதவுனோம்னு ரெண்டு வரி எழுதினா போதும்."

ஜானெட்டுக்கு ஐந்து வாரத்துக் கதையையும் சொல்லிவிடலாமா என்று தோன்றியதாம். கூடவே, சொன்னால் இதையும் எங்காவது பதிந்து வைத்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பழைய பயமும் வந்ததாம். வேலை கிடைத்த பிறகும் அந்தப் பயம் வந்தது அவளுக்கே அவமானமாக இருந்திருக்கிறது.

"அனுப்பாதீங்க. நான் போட மாட்டேன்," என்றாள். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சும்மா, வெச்சிடறேன்."

அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது இதைச் சொன்னாள். மணிக்கட்டில் தடிப்பு ஆறியிருந்தது. அவளுக்கு அவசரம், உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு மறுநாள் காலை புது ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருந்தது. கிடங்கில் வேலை போன அந்த ஆளைப் பற்றி இப்போதாவது எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.