சேற்று வாடை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், காரைக்காலை ஒட்டிய கருக்களாச்சேரியில் நடந்தது இது. என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

நான் நெரவிப் பக்கம் நெல் சாகுபடி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். கல்லூரிப் படிப்பை முடித்து, அரசு அலுவலகத்தில் பணியாற்றி, ஓய்வுக்குப் பிறகு வயலுக்குத் திரும்பினேன். கருக்களாச்சேரியோ மீனவர் ஊர். பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே எடுத்த முடிவு அந்தத் திருமணம். எனினும் நாலு பேர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, முறை எதிலும் குறை வைக்காமல் நானே முன்னின்று நடத்தினேன். மாப்பிள்ளை வங்கி ஊழியர். தகப்பனார் இல்லாத அந்த வீட்டில் படகைப் பார்த்துக்கொண்டவர் மாப்பிள்ளையின் தம்பி, இன்னும் மணமாகாதவர். அவர்களுடைய தாயாரை நான் சம்பந்தியம்மா என்றே அழைப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வயலோரத்தில் ஒரு குட்டை வெட்டி, கட்லாவும் ரோகுவும் மீன்குஞ்சுகளாக வாங்கி விட்டு வளர்த்து வருகிறேன். காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து எடுத்துக்கொண்டு போனால், கரையில் என் நிழல் விழுந்ததுமே தண்ணீர் கலங்கத் தொடங்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

திருமணமான ஆண்டு, பொங்கல் சீரோடு ஒரு பெரிய கட்லாவையும் கொண்டுபோனேன். கூடத்தில் அமர்ந்து காப்பியைக் கையில் எடுத்த நேரத்தில், கொல்லைப்புறத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

“ஏண்டி, எங்க சம்பந்தி மீனு கொண்டாந்திருக்காரு பாத்தியா? கழுவக் கழுவ சேறுல்ல வருது! கடக்கரையில பொறந்துட்டு இதயா திங்குறது?”

பெண்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரையும் கேலி பேசாமல் விடாத சுபாவம் அவருக்கு என்பது பின்னாளில் புரிந்தது. அன்று எனக்கு அது தெரியாது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டேன். அதன் பிறகு அந்த வீட்டுக்கு நான் மீன் கொண்டுபோனதில்லை. விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம், “என்ன சம்பந்தி, குட்டையில சொறா ஏதும் மாட்டுச்சா?” என்று அவர் கேட்பார். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்த மாசியில், மீன் பிடித்துத் திரும்பிய அவர்கள் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மாப்பிள்ளையின் தம்பி வரவில்லை. சில நாட்கள் தேடிய பிறகே உடல் ஒதுங்கியது. ஊர் முழுக்கக் கேட்கும்படி சிரிக்கிற அந்த அம்மா, சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று என் மகள் அழுதாள்.

காரியம் நெருங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. கருமாதி முடிந்ததும் சம்பந்தி வீட்டார் மீனோ கறியோ கொண்டுவந்து, அந்த வீட்டு அடுப்பிலேயே ஆக்கி, இறந்தவருக்குப் படைத்துவிட்டுப் பரிமாற வேண்டும். அதை உண்ட பிறகே துக்கம் கழிந்ததாகக் கொள்வது எங்கள் இரு குடும்பங்களிலும் வழக்கம். சம்பந்தியம்மாவின் தம்பி, அந்த ஊரில் மதிப்பானவர், என்னை வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“நல்ல கொடுவா மீனாப் பாத்துச் சொல்லி வச்சிருக்கேன்க்கா. சம்பந்தி வீட்டுல வாங்கிக்குவாங்க.”

“கடல் மீனு இந்த அடுப்புல ஏறக் கூடாது.”

“அது எப்புடிக்கா? நம்ம வூட்டுல...”

“எம்புள்ள அதுலதானடா கெடந்தான், அத்தன நாளு. எந்த மீனு அவங்கிட்ட வந்துச்சோ. அத எப்புடிடா நான் வாயில வைப்பேன்?”

சம்பந்தியம்மாவின் தம்பி குரலைத் தாழ்த்தி, “அப்பக் கறி எடுத்துருவோம்” என்றார்.

“அவன் என்னைக்குடா கறி தின்னான்? மீனு இல்லன்னா சோத்துல கை வைப்பானா?”

என் மகள் என்னை வாசல் பக்கம் அழைத்துப்போனாள். “அப்பா, நம்ம குட்டை மீனு இருக்குல்ல. அத்தைக்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க.”

கழுவினால் சேறு வருகிறது என்று பெயரெடுத்த மீனை, தெருவே கூடியிருக்கும் துக்க வீட்டுக்கு நான் எடுத்துவருவதா? ஒருவர் முகம் சுளித்தாலும், அந்த இழுக்கு அங்கே வாழும் என் மகளையும் சேரும்.

“அவங்க இப்புடியே கெடந்தா, அவங்களும் போயிருவாங்கப்பா” என்றாள். நான் சரி என்றேன்.

காரியத்துக்கு முதல்நாள் காலை மாப்பிள்ளை எங்கள் வயலுக்கு வந்தார். தோளில் தம்பியின் வீச்சு வலை. வந்தவர் குட்டைக்குப் போகாமல், மோட்டார் கொட்டகைக்குப் போய், கொட்டுகிற தண்ணீரில் வலையை அலசிக்கொண்டே இருந்தார்.

“வலை சுத்தமாகத்தானே இருக்கிறது, மாப்பிள்ளை?”

“உப்பு போவட்டும் மாமா.”

பிறகு குட்டையில் இறங்கி வீசினார். வலை விரியாமல் சுருண்டு விழுந்தது. “தம்பி பாத்திருந்தா, பேங்குல போயி கையெழுத்துப் போடுன்னு வெரட்டியிருப்பான்” என்றவர், அதன் பிறகு இடுப்பளவு நீரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கரையிலிருந்து, தினமும் போடுவதுபோலத் தவிடு தூவினேன். நம்பி வந்து கூடின மீன்கள். அவற்றின்மேல் வலை விரிந்து விழுந்தது. எத்தனையோ முறை மீன் பிடித்து விற்றவன் நான். அன்று மட்டும் தவிடு ஒட்டிய கையைத் துடைக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

பிடித்த மீன்களை மோட்டார் தொட்டியில் விட்டு, இரை போடாமல், மறுநாள் காலைவரை நல்ல தண்ணீரில் நீந்தவிட்டேன். சேற்று வாடை போவதற்கு அதுதான் வழி. மறுநாள் கல் உப்பு, மஞ்சள், புளி, மோர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கழுவச் சொன்னேன். ஒவ்வொரு துண்டையும் நானே எடுத்து முகர்ந்தேன். எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நான் அப்படி நின்றது அதுவே முதல் தடவை.

“போதுங்க. இன்னும் கழுவுனா மீனே இருக்காது” என்றாள் என் மனைவி.

“தலையை மட்டும் சேர்க்காதே. கட்லாத் தலையில் வாடை நிற்கும்” என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கருமாதி முடிந்து, அந்த வீட்டுக் கொல்லை அடுப்பில் குழம்பு கொதித்தது. படம் முன்பு இலை போட்டுப் படைத்தார்கள். பிறகு சம்பந்தியம்மாவை உட்கார வைத்து இலை போட்டார்கள். அவர் ஒரு வாய் எடுத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்க முடியும். வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். நான் தூணருகே நின்றேன்.

அவர் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“சம்பந்தி, சேத்து வாடையே இல்லையே?”

“இல்லீங்க. ராத்திரி முழுக்க நல்ல தண்ணியில விட்டு வச்சிருந்தோம். துளிகூட இருக்காதுங்க.” என் குரலில் பெருமை இருந்தது என்றே நினைக்கிறேன்.

“ஏன் அப்புடிச் செஞ்சீங்க? அது இருக்கும்னுதானே சரின்னு சொன்னேன். இது கடலுல வந்தது இல்லன்னு எனக்குத் தெரியணுமுல்ல?”

துண்டை இலையிலேயே வைத்துவிட்டார். கையையும் மடிக்குள் எடுத்துக்கொண்டார்.

அப்போது என் மனைவி கொல்லையிலிருந்து சட்டியோடு வந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. அகப்பையால் அடியில் துழாவி, ஒரு கட்லாத் தலையை எடுத்து அந்த இலையில் வைத்தாள். நான் சேர்க்காதே என்று சொன்ன தலை.

“இதுல இருக்கும் சம்பந்தி. பாருங்க.”

சம்பந்தியம்மா குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தார்.

“ஆமா. இருக்குது.”

செவுளை ஒட்டிய சதையைப் பிய்த்துச் சோற்றோடு வாயில் வைத்தார். மெல்ல மென்றார். கண்ணீர் இலையில் விழுந்துகொண்டே இருக்க, அந்தத் தலை முழுவதையும் உண்டு முடித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “சேறுதான் சம்பந்தி. நல்ல சேறு” என்றார்.

அந்த வீட்டு அடுப்பில் கடல் மீன் மறுபடி ஏற வெகுகாலம் ஆயிற்று. இப்போது எங்களுக்கும் அவ்வப்போது கொடுவா கொடுத்தனுப்புகிறார். ஆனால் மாசியில் மகனுக்குப் படைக்கும் மீன் மட்டும் எங்கள் குட்டையிலிருந்துதான் போக வேண்டும். அன்று காலை பிடித்து, தொட்டியில் விடாமல், தலையோடு நானே கொண்டுபோகிறேன். சென்ற முறை வாசலில் வண்டியை நிறுத்தியபோது, “என்ன சம்பந்தி, சொறா மாட்டுச்சா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “இந்த வருஷமும் தப்பிச்சிருச்சுங்க” என்றேன். கூடத்தில் உட்கார்ந்து காப்பியைக் கடைசி மிடறுவரை குடித்தேன்.

என் பெயருக்கு இழுக்கு என்று நான் பாடுபட்டுக் கழுவிப் போக்கிய அந்த வாடைதான் ஒரு தாய்க்குச் சோறு உள்ளே இறங்கக் காரணமாக இருந்தது என்பதை, ஒவ்வொரு மாசியிலும் குட்டைக் கரையில் நிற்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.