பூக்குழிக்குக் கம்ப்யூட்டர் சொன்ன மழை

1985 சித்திரையில் பாகான் செராயிலிருந்து ஈப்போவுக்கு ஒரு காரியமாகப் போய்வந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கம்ப்யூட்டரிடம் மழை கேட்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், காசா பணமா?

காரணம் என் தங்கச்சி பாப்பாத்தி. பத்து காஜா டவுனுக்கு அந்தப் பக்கம், துண்டு போட்டு விற்றுவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மாரியம்மன் கோவில் பூக்குழியில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் போன திருவிழாவில், மாலையில் தீ மிதிக்க வரிசை நிற்கும்போது கொட்டியது பாருங்கள் மழை, குழி முழுக்கக் கரித்தண்ணீர். நேர்த்திக்கடன் அப்படியே நின்றுபோனது. ஆத்தா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளோ என்று ஒரு வருஷமாகப் புலம்பல். இந்தத் தடவையும் நனைந்தால் அவள் தாங்கமாட்டாள்.

இப்போதெல்லாம் மழையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டிருந்தேன். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று வியாழக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். தைப்பிங்குக்கு ஒரு வெள்ளி இருபது காசு. அங்கே மழை. தைப்பிங்கில் மழை இல்லை என்றால்தான் செய்தி. பஸ் மாறி ஈப்போவுக்கு ஐம்பது கட்டை, அதாவது மைல், மூன்றரை வெள்ளி. பத்தே காலுக்கு இறங்கி, ரொட்டி சானாய் பசியாறிவிட்டு டாக்சி பிடித்தேன்.

டிரைவர் நம்ம ஆள். என் கையைப் பார்த்தார்.

"ஏர்போர்ட்டுக்கா? பொண்ணு பாக்கவாண்ணே, தட்டோட?"

"எனக்கு ரெண்டாந்தாரமா? வீட்டுல இருக்கிறவ உயிரோட விடுவாளா? வானிலை ஆபீசுக்குப்பா."

தட்டு எதற்கு என்கிறீர்களா? ஜோசியரிடம் நாள் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடா போவோம்? வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம். டாக்சிக்கு நாலு வெள்ளி.

விமானத் திடல் ஓரத்தில் சின்ன ஆபீஸ். உள்ளே இருந்த அதிகாரி தைப்பிங்காரர், முப்பது வயது இருக்கும். தட்டை அவர் மேசையில் வைத்தேன்.

"என்னாண்ணே இது?"

"சனிக்கெழம தீமிதி. மழ வருமான்னு கம்ப்யூட்டர்கிட்ட கேக்கணும். தங்கச்சிக்கு ரோகிணி நட்சத்திரம்."

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அதுக்கு நட்சத்திரம் வேணாண்ணே. காத்து, சூடு, ஈரம், இது போதும்."

"அப்ப இந்தப் பழம்?"

"அது எனக்கு லா," என்று ஒன்றை உரித்தார்.

கம்ப்யூட்டர் அங்கே இல்லை. அது எங்கோ வெளிநாட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். அதன் கணக்கு மட்டும் படமாக இங்கே ஒரு மெஷினில் உருண்டு வருகிறது. எனக்காக ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். உலகம் முழுவதையும் இப்படிப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது என்ன காற்று, என்ன சூடு என்று எழுதிவிட்டால், பக்கத்துக் கட்டத்திலிருந்து எது வந்து சேரும் என்று பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து எப்படி இருக்கும் என்று அது போடுகிறது. அந்த விடையை வைத்து மறுபடி. அதை வைத்து மறுபடி. இப்படியே தத்தித் தத்திச் சனிக்கிழமைக்கு வந்துவிடுகிறது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம பேராக் மாநிலத்துக்கு எத்தன கட்டம்?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ஒண்ணரை."

"தைப்பிங்கும் பத்து காஜாவும் ஒரே கட்டமா? ஒங்க ஊரு மழைய எங்க தலையில கட்டுறீங்களே!"

"என்னா செய்றது? நடுவுல இருக்கிற மலையே அதுக்குச் சரியாத் தெரியாது." பிறகு படத்தை விரித்து நிதானமாகச் சொன்னார். "சனிக்கெழம காத்து கம்மி, ஈரம் நெறைய. காலையில வெயில் அடிக்கும். அந்தச் சூட்டுலயே மத்தியானத்துக்கு மேல மேகம் கட்டும். சாயந்தரம் இடிமழைக்குப் பத்துக்கு ஏழு சொல்லலாம். ஒங்க கோவில்ல விழுமா, பக்கத்து ஊரு கம்பத்துல விழுமா, அது என்னால முடியாது."

"காலையில?"

"பத்துக்கு ஒண்ணு."

பத்து காஜாவுக்குப் பதினைந்து கட்டை, ஒரு வெள்ளி. வழியெல்லாம் சுண்ணாம்பு மலையும் ஈயக் குட்டைகளும். ஜன்னல் ஓரம் பிடியுங்கள். அங்கிருந்து செம்மண் ரோட்டில் இரண்டு கட்டை நடை. என் மச்சான் முனியாண்டி, அதாவது பாப்பாத்தியின் புருஷன், கோவில் தலைவர். காலையில் தீ மிதிக்கலாம் என்று நான் சொன்னதும் குதித்தார்.

"பொழுது சாயத்தான் மச்சான் மிதிப்போம். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"அப்ப காலையில எல்லாரும் பால் வெட்டப் போனாங்க, சாயந்தரம்தான் ஆளு கெடச்சிச்சு. இப்ப வெட்டுறதுக்கு மரம் எங்க இருக்கு?"

"மழ வரலன்னா ஊரே என்னைக் காறித் துப்பும்."

"என்னைத் துப்பச் சொல்லு. நான் கொடை புடிச்சிக்கிறேன்."

பாப்பாத்தி அடுப்படியிலிருந்து வந்தாள். "எறங்குறேன்னுதான் ஆத்தாகிட்ட சொன்னேன். மணி சொல்லல."

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு, காலையில்தான் தீமிதி என்று ஊருக்குச் சொல்லக் கிளம்பினார்.

சனிக்கிழமை விடிந்ததும் ரப்பர் விறகு பற்றியது. பதினொரு மணிக்குத் தணலைப் பரப்பினார்கள். மஞ்சள் புடவையில் கையில் வேப்பிலையோடு பாப்பாத்தி இறங்கி, ஓடாமல் நடந்து, பால்குழியில் காலை வைத்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள்.

சாயங்காலம் ஒரு சொட்டு விழவில்லை. நேரம் மாறியது தெரியாமல் ஈப்போவிலிருந்து நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த நான்கு பேர், சாம்பலைப் பார்த்துக் கத்தினார்கள். பத்து காஜாவில் நல்ல மழையாம், தொப்பலாக நனைந்திருந்தார்கள். "எங்க மச்சான் ஒங்க கட்டம்?" என்று மச்சான் என் மேல் பாய்ந்தார்.

பாப்பாத்திதான் பதில் சொன்னாள். "அந்த மழ இங்க வந்திருந்தா, நான் இன்னொரு வருசம் எப்படித் தூங்குவேன்? வராததால ஒங்களுக்கு என்னா போச்சு? நாலு பேருகிட்ட ஏச்சு. வாங்கிக்குங்க."

இதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்வேன். அந்த ஆபீசுக்குக் காலையில் போங்கள், சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். மழை வருமா வராதா என்று கேட்காதீர்கள். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். கணக்கு தப்பினால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்பதை வீட்டுக்கு வந்து நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும், அதற்கு அவர்களிடம் படம் கிடையாது. வரும் சித்திரைத் தீமிதியும் காலையில்தான் என்று மச்சான் இப்போதே கோவில் சுவரில் பெரிதாக எழுதிவிட்டார். ஈப்போக்காரர்களே, முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.