பூட்டு சார் லீவு கேட்ட கதை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு சார் என்றுதான் பெயர். வீட்டுக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் விடுப்புச் செயலியை ஒப்படைத்தார்கள். யார் கொடுத்த யோசனையோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஜாவாவில் எழுதிய சாதாரண இணையச் செயலி அது. நாங்கள் அதில் லீவு கேட்க வேண்டும், மேலாளர் அதிலேயே அனுமதிக்க வேண்டும். பூட்டு சார் முதலில் பொது அமைப்புகளில் கை வைத்தார். தேதி எப்படித் தெரிய வேண்டும், முகப்பில் என்ன நிறம், அவ்வளவுதான். பிறகு உள்நுழைவுக்கு வந்தார். கடவுச்சொல்லில் எண் வேண்டும், குறியீடு வேண்டும், அர்த்தம் மட்டும் இருக்கக் கூடாது. வாராவாரம் மாற்றவும் வேண்டும். வரவேற்பறைப் பெண் பரீட்சைக்குப் போகிறவள்போல் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

கடைசியில் பாதுகாப்பு. உள்ளே வந்தவர் ஒரு நிமிடத்துக்குள் எழுதி அனுப்பாவிட்டால் செயலி வெளியே தள்ளிவிடும். முப்பது நிமிடமாக இருந்ததைத்தான் ஒன்றாக்கினார். அதோடு விட்டாரா? எந்த அனுமதிக்கும் மேலாளர் நான்கு வரி காரணம் எழுத வேண்டும். வேறெங்கோ எழுதி ஒட்டவும் முடியாது. அமைப்புகளை மாற்றுவதானால் அதற்கும் இதே வழியில் அனுமதி வேண்டும்.

எங்கள் மேலாளர் அம்மா கெட்டிக்காரர்தான், ஆனால் ஒற்றை விரலால் தட்டுகிறவர். இரண்டாவது வரி முடிவதற்குள் வெளியே வந்துவிடுவார். ஒரு மாதமாக ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தோம். பூட்டு சாரைக் கேட்டால், “பாதுகாப்புன்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் அவருக்கே லீவு தேவைப்பட்டது. மகளுடைய பள்ளியில் நாடகம். அவள் கிணறாக நடிக்கிறாள். அட்டைக் கிணற்றுக்குள் குந்தியிருக்க வேண்டும், வசனம் கிடையாது. போன தடவையும் அதற்கு முந்தைய தடவையும் சர்வர் வேலை என்று இவர் போகவில்லை. இந்த முறை அவள் சண்டைகூடப் போடவில்லை. “நீ வரமாட்டேன்னு தெரியும்ப்பா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. பாவமாக இருந்தது.

நாடகத்தன்று காலையிலிருந்து மேலாளர் அறையிலேயே நின்றார். அடுத்த மேஜைக்காரன் என்பதால் துணைக்கு நானும்.

“இன்னும் ஒரு வரிதான் மேடம்.”

“அவசரப்படுத்தாதீங்க. இந்த ‘ழ’ எங்க போய்த் தொலைஞ்சுது?”

செயலி வெளியே தள்ளியது.

“அந்த நிமிஷத்தைக் கொஞ்சம் கூட்டுங்களேன்.”

“அதுக்கு நீங்க அனுமதி தரணும் மேடம்.”

“தந்தேன், போங்க.”

“வாயால சொன்னா செல்லாது மேடம். உள்ள வந்து நாலு வரி எழுதணும்.”

“எந்தப் புண்ணியவான் போட்ட விதி இது?”

“நான்தான் மேடம்.”

அந்த அம்மா விசைப்பலகையைத் தூக்கி அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் கடிகாரத்தைக் காட்டினார். “நாடகம் ஆரம்பிச்சிருப்பாங்க.”

பூட்டு சார் சர்வர் அறைக்குள் ஓடினார். அனுமதியும் இல்லை, ஒன்றும் இல்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து ஒன்றை முப்பதாக்கி, சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினார். அவர் வைத்த எச்சரிக்கை சும்மா இருக்குமா? ‘அத்துமீறல்! செய்தவர் இன்னார்’ என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போனது. அவருடைய சொந்தப் பெயரே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. அலுவலகமே எழுந்து நின்று கை தட்டியது. அனுமதி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

அரங்கில் நாடகம் பாதி ஓடியிருந்தது. கடைசி வரிசையில் நின்றோம். மேடையின் நட்டநடுவே கிணறு. ராஜா ஏதோ முழங்கிக்கொண்டிருந்தபோது கிணற்றிலிருந்து மெல்ல ஒரு தலை எழுந்தது.

“அப்பா! வந்துட்டியா?”

ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. கடவுச்சொல்லை வாய்க்குள்கூடச் சொல்லிப் பார்க்காத மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டி, “வந்துட்டேன்டா கண்ணு!” என்று கத்தினார். அரங்கம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று.

அதன்பின் ராஜா தண்ணீர் இறைக்கக் குடத்தோடு வந்தார். கிணறு இருந்த இடத்தில் இல்லை. மேடை ஓரத்துக்கு, எங்கள் பக்கமாக, நகர்ந்து வந்திருந்தது.