கால் பம்ப் மிதித்த மதியம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. மதுரையில் எச்சில் இலை எடுத்தேன். விருதுநகரில் வத்தல் மூட்டை சுமந்தேன். லாரியில் கிளீனராகப் போய்ப் பாதித் தேசத்தை லோடு மேல் படுத்துக்கொண்டே பார்த்தேன். பட்டினி கிடந்ததும் உண்டு. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிப்பட்டவனைச் சிவகாசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று பிடித்து நிறுத்திவிட்டது. கையில் தகரம் கிழித்துக் கட்டுப் போடப் போயிருந்தேன். அங்கே தொண்டையில் அடைக்கும் சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கிற கால் பம்ப் ஒன்று மூலையில் கிடந்தது. இழுக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். சைக்கிள் பம்ப் மாதிரிதான். உள்ளே இருந்த தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன், இழுத்தது. டாக்டரம்மா வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். பம்பும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஊசி அவிக்கும் அடுப்பும் என் பொறுப்பு ஆயின. படுக்கை ஸ்ட்ரெச்சர் கொட்டகையில். நோயாளிகளுக்கு வரும் ரொட்டியில் மிச்சம் எனக்கு.

பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவசரக் கேசுகளை இறக்கும் அறையை எல்லோரும் கேசுவாலிட்டி என்றுதான் சொன்னார்கள். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஒரு வண்டி ரோட்டில் திரும்பினால் என் உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும். அது கொண்டு வருவது யாருடைய வேதனையையோ என்று தெரியும். ஆனாலும் ஓட வேண்டும், தூக்க வேண்டும், ஒன்று மாறாமல் செய்ய வேண்டும் என்கிற அந்த வேகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. லாரி மேல்கூட அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை.

எங்கள் சிஸ்டர் வயதில் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே டியூட்டிக்கு வருவார். நான் ஓடிப்போகாமல் இருப்பது அவருக்கு வேடிக்கை. "ஏலே, இம்புட்டு நாளா இங்கனயே கெடக்க. ஒடம்புக்கு எதுவும் சரியில்லையா?" என்பார்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிய ஒரு சீசனில், நல்ல மதிய வெயிலில், அந்த ஹாரன் கேட்டது. விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வண்டி. தட்டிப் படலில் கிடத்தி ஓர் ஆளை இறக்கினார்கள். வெடிமருந்து கலக்கும் அறையில் பொறி பட்டு, வாசலுக்கு வெளியே தூக்கி எறியப்பட்டவர். கைகளில் மட்டும் தீக்காயம். ஆனால் தலை முதல் கால் வரை அலுமினியப் பொடி அப்பி, ஈயம் பூசிய பாத்திரம் போல இருந்தார். உதடு நீலமா சிவப்பா என்று பார்க்கவே வழியில்லை. கூட வந்த பெண்கள் அதற்குள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் அழாமல் படலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் அவர் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். நகம் கருநீலமாக இருந்தது. நாடி ஓடியது, மூச்சுதான் உள்ளே போகவில்லை. நெஞ்சு எழும்பப் பார்த்து அப்படியே அமுங்கியது.

புகை உள்ளே போய்த் தொண்டை வீங்கியிருக்கும் என்று டாக்டரம்மா நினைத்தார். இடுக்கியால் வாயைத் திறந்து குழாயை விட்டு, என்னை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இரண்டு மிதி லேசாகப் போனது. பிறகு மிதிபலகை காலை எதிர்த்துத் தள்ளியது. சளிக்கு அப்படித் தள்ளாது, ரத்தத்துக்கும் தள்ளாது. முழு எடையையும் போட்டேன், இறங்கவில்லை.

"அம்மா, கெட்டியா என்னமோ அடைக்கு" என்றேன்.

அவர் குழாயை வெளியே இழுத்து முனையைப் பார்த்தார். வெள்ளையாகக் குழைந்து என்னவோ ஒட்டியிருந்தது. கந்தக வாடைக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் நடுவே பழ வாசனை அடித்தது. நாட்டு வாழைப்பழம்.

டாக்டரம்மா வாசல் பக்கம் திரும்பி, இவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். தீக்காயத்தில் பேனா மையை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களை அவர் ஏசுவது சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும்.

மனைவிதான் முன்னால் வந்தாள். "நாந்தேன் ஊட்டுனேன். பொடி தொண்டையில நின்னுக்கிருமே, பழந்தான தள்ளும்?"

எனக்குப் புரிந்தது. கம்பெனிகளில் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் தின்பார்கள், சிலர் கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும். உள்ளே போன பொடியை அது வழித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. அதை நினைவில்லாமல் கிடந்தவரின் வாயில், அவள் பிசைந்து பிசைந்து திணித்திருக்கிறாள். பொறி இவரைக் கொல்லவில்லை. பழம் கொன்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா ஏசவில்லை. நேரமும் இல்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். முழுப்பழம் என்றாள். சிஸ்டரும் நானும் அவரை ஒருக்களித்துப் புரட்டினோம். டாக்டரம்மா விரலை விட்டு வழித்தார், நீள இடுக்கியால் துழாவினார், மறுபடி குழாயை விட்டார். நான் மிதித்தேன். கண்ணாடி பாட்டிலில் பழமும் பொடியும் சாம்பல் கூழாக விழ விழ எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பலகை மறுபடி எதிர்த்தது. சிஸ்டர் அவர் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார், இன்னும் ஓங்கி அடித்தார். என் காலுக்கடியில் பலகை சட்டென்று தொபுக்கென இறங்கியது.

அவர் இருமினார். குளிரில் நின்ற லாரி கிராங்க் சுற்றியதும் திணறிப் பிடிக்குமே, அப்படி ஒரு மூச்சு. நின்றது. இன்னொன்று வந்தது. பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது. போதும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தும் என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் முகமெல்லாம் பொடி, சிரிப்பு.

துடைத்த நகம் மெல்ல இளஞ்சிவப்புக்கு வந்தது. நாங்கள் மூவரும் குனிந்து அந்த ஒரு நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கைக்காயத்துக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அவர் கண் திறந்தார். மனைவியை உள்ளே விட்டோம். அவள் முந்தானையை நனைத்து அவர் முகத்தைத் துடைக்கத் துடைக்க, வெள்ளிக்குள்ளிருந்து கறுத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். உதட்டை அசைத்து, கரகரத்த குரலில், "தண்ணி" என்றார்.

அவள் கை சொம்புக்குப் போயிற்று.

"கூடாது!" என்று டாக்டரம்மாவும் சிஸ்டரும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

அவள் திடுக்கிட்டுச் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "கேட்டீகளா? இனி இவுக சொன்னாத்தேன்" என்று அவரிடம் சொன்னாள். அப்புறந்தான் அவளுக்கு அழுகை வந்தது.