இருபத்தொரு வயதைத் தாண்டியவள்

அப்பா பதில் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். குவைத்தில், அப்பாசியாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டில், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு அந்தத் தாள்களை எடுத்து வருவேன். அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிய நூறு கேள்விகள். இணையத்தில் தேடி அச்செடுத்தவள் நான்தான். கேட்பவளும் நான், பதில் சொல்கிறவர் அப்பா. கட்டட சைட்டில் நாள் முழுக்க ஜல்தி ஜல்தி என்று சத்தம் போடும் சூப்பர்வைசரான அவர், செனட்டரின் பதவிக்காலம் எவ்வளவு என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து "ஆறு வருஷம்" என்பார்.

நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் குடும்பத்துக்கு மனுப் போட்டிருந்தார். விசா நேர்காணலில் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, நாங்களும் நம்பினோம். அங்கே போய்ப் பல வருடம் வாழ்ந்து, குடிமகனாகும்போது கேட்பவை அவை என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்பா அந்தப் படிப்பை ரசித்தார். "அங்க கவர்னர்னா நம்ம ஊர் மாதிரி டெல்லியில இருந்து அனுப்புற ஆள் இல்ல பாப்பா. ஜனங்களே ஓட்டுப் போட்டு உக்கார வெக்கிறது. நம்ம முதலமைச்சர் மாதிரி" என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் கேட்கும்படி விளக்குவார். சட்டம் இயற்றுவது யார் என்ற கேள்வி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "காங்கிரஸ். செனட்ல நூறு பேரு, கீழ்ச்சபையில நானூத்தி முப்பத்தஞ்சு பேரு. பிரசிடெண்டே ஆனாலும் தனியா சட்டம் போட முடியாது" என்பார்.

பதினைந்து வருடம் கழித்து எங்கள் முறை வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அந்த நூறில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இருபத்தொரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோரின் மனுவில் இடமில்லை, மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் எனக்கு வயது கூடிவிட்டது, அதுதான் சட்டம் என்றார். மற்ற மூவருக்கும் விசா உண்டு.

பெரியப்பா முதலில் தன் மாநில கவர்னருக்குக் கடிதம் எழுதினார். "குடியேற்றம் மத்திய அரசு சமாச்சாரம், மாநிலத்துக்கு அதுல வேலையே இல்ல. அண்ணனுக்கு இத்தனை வருஷம் அங்க இருந்தும் இது தெரியல" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பெரியப்பா செனட்டருக்கு எழுதினார். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. சரி, யாரும் போக வேண்டாம் என்று அப்பா சொல்வார் எனக் காத்திருந்தேன். "தம்பி படிப்பு இருக்குல்ல பாப்பா" என்றார்.

அவர் குவைத்தை விட்டுக் கிளம்பினால், அவர் பொறுப்பில் இருந்த என் விசாவும் போய்விடும். வயசுப் பெண்ணைத் தனியாக விட முடியாது என்று, இரண்டே மாதத்தில் துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு மூவரும் விமானம் ஏறினார்கள். என் கணவர் நல்லவர். அது என் அதிர்ஷ்டம், விசாரிக்க அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவர் அமெரிக்கக் குடிமகன். பத்துக் கேள்விக்கு ஆறு சரியாகச் சொன்னதும் போதும் என்று நிறுத்திவிட்டார்களாம். மீதியையும் கேட்டிருக்கலாம் என்று அவருக்குக் குறை. முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, துபாயில் தேராவில் இருக்கும் என்னை வீடியோ காலில் கூப்பிட்டார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் என்னைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசினீர்களா என்றேன். "அதெல்லாம் கேக்க முடியுமா? நாமளே இப்பதான் உள்ள வந்திருக்கோம்" என்றார்.

போன மாதம் மறுபடி கூப்பிட்டார். "மனுப் போட்டாச்சு பாப்பா. உனக்கு, மாப்பிள்ளைக்கு, பேரனுக்கு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க."

என் மகனுக்கு ஒன்பது வயது. "அப்ப அவனுக்கு என்ன வயசுப்பா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அத அப்பப் பாத்துக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் முதல்ல வந்துருங்க" என்றார்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்றேன். சிக்னல் சரியில்லை, காதில் விழவில்லை என்றார். இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன். மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்டது.