ரோவேனா எண்ணத் தவறிய அறை

பொறுமை பேரறம், மொன்டானா மலைச்சரிவில் அதைக் காத்தவள் ரோவேனா. கணவன் லீமனைக் கொன்ற கரடிக்காக, அவனுடைய பெரிய ரிவால்வரால் பட்டமரத்தைச் சுட்டு ஈராண்டு பழகினாள்.

"ஆறு குண்டு அறையில ஒண்ணு போடு, ஒண்ணு விடு, அப்புறம் நாலு போடு. குண்டைத் தட்டுற சுத்தியல் காலி அறை மேலதான் இருக்கணும். இல்லேன்னா இடுப்புலயே வெடிச்சிடும், அக்கா!" என்று சீண்டினான் பக்கத்துப் பண்ணை அம்ப்ரோஸ்.

"உன் வாயையும் காலியா வச்சுக்கடா, தம்பி."

ஒருநாள் குண்டுகளை நிரப்புகையில் ஓடைக்கரையில் அக்கரடியைக் கண்டாள். சினத்தில் எண்ணிக்கை தவறி, காலி அறை முதல் சூட்டுக்கு வந்து நின்றது. கரடி பாய்ந்தது, சுத்தியல் காலி அறையில் விழுந்து 'டக்'கென்றது. அவள் பின்வாங்காமல் சுத்தியலைக் கட்டைவிரலால் மீண்டும் இழுத்து, அதன் நெஞ்சில் சுட்டாள்.

"இது என் லீமனுக்கு!"

அது செத்து விழுந்த பின்னும், மீதி நான்கையும் அதன்மேலேயே தீர்த்தாள்.

அவள் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க, தொழுவம் நிறைந்திருக்க, இறைவன் அருள்க.