மூன்றாவது குழி

ஏற்காட்டில் கரடியூர் போகும் வழியிலுள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் பொன்னுவேல் இருபத்தெட்டு வருஷமாக வயர்மேன். ஏழாம் வகுப்போடு படிப்பு அவரை விட்டுவிட்டது. கரண்ட் மட்டும் விடவில்லை. ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்கு ஒரு கண்டம் வந்தது, முதலாளியின் மருமகன் தினேஷ் வடிவில்.

தினேஷ் புது மேனேஜர். காயப்போட்ட காப்பிக்கொட்டை நனையாமலிருக்க, முதல் தூறலிலேயே அலறுகிற அலாரம் ஒன்று களத்துக்கு வேண்டும் என்றார். ஒரு டேப்லெட்டை நீட்டினார்.

"இதுல சர்க்யூட் வரையற சாப்ட்வேர் இருக்கு. எல்கேஜி குழந்தைகூடச் செய்யும். ஒரு மாசத்துல செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா சேலத்துல இருந்து டிப்ளமோ படிச்ச ஆளப் போட்டுக்கறேன்."

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அதை மேனேஜர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்ன?

பொன்னுவேல் பயந்துகொண்டே விரலை வைத்தார். பேட்டரி, பல்பு, பஸ்ஸர் எல்லாம் படமாக வந்தன. இழுத்துப் போட்டு, வயரால் இணைத்து, பச்சைப் பொத்தானைத் தட்டினால் பல்பு எரிந்தது. தப்பாக இணைத்தால் பல்பு வெடித்தது. அழித்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம், திட்ட ஆளில்லை. மனிதர் சொக்கிப்போனார். ஒரே வாரத்தில் தலைகால் புரியவில்லை. ஏற்காடு பஜாரில் கடைக்காரர் பஷீர் பாய் மிக்சியைப் பார்க்கக் கூப்பிட்டபோது, "நான் இப்ப டிசைன் பக்கம் போயிட்டனுங்க பாய்" என்றாரே பார்க்கலாம்!

அந்த சாப்ட்வேர் ஒரே சர்க்யூட்டை இரண்டு விதமாகக் காட்டும். ஒன்று, பாகமும் வயரும் உள்ளபடியே தெரியும் படம். இன்னொன்று, இன்ஜினியர்கள் பார்க்கும் கோட்டுப்படம். முன்னது பிள்ளைகளுக்கு என்று முடிவுகட்டி, பொன்னுவேல் தான் வரைந்த மழை அலாரத்தின் கோட்டுப்படத்தையே பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் இரண்டு இடங்களில் கிரவுண்ட் குறி, அதாவது எர்த்துக்குப் போடுகிற அதே அடையாளம், இருந்தது. காலமெல்லாம் எர்த் போட்டவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அலாரத்தை ஒரு பெட்டிக்குள் பூட்டி, களத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, இரண்டு வயரையும் இறக்கினார்.

"ஏனுங்க, உள்ளங்கையளவு பேட்டரிக்கு எதுக்குங்க இத்தன உப்பு?" என்றாள் மனைவி மருதாயி.

"அது டிசைனு. உனக்குப் புரியாது."

சோதனை நாளில் தினேஷ் தண்ணீர் தெளித்தார். அலாரம் முனகக்கூட இல்லை. டேப்லெட்டில் தட்டினால் மட்டும் கணீரென்று அடித்தது. பொன்னுவேல் இரண்டு குழிகளையும் மாறி மாறி எட்டிப் பார்த்தார்; ஒன்றும் பிடிபடவில்லை. மேனேஜருக்கும் எங்கே தப்பு என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

"டிசைன் பக்கா. இந்த மலை மண்ணுதான் சரியில்ல. மூணாவதா ஒரு குழி, ஆறடி ஆழத்துக்குப் போடுங்க. நாளைக்குப் பாப்போம்."

அன்று சாயங்காலம், வேறு வழியில்லாமல், பொன்னுவேல் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய அந்தப் படத்தைத் திறந்தார். இரண்டு கறுப்பு வயரும் பேட்டரியின் மைனஸிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. கிரவுண்ட் குறிக்கு இங்கே மைனஸோடு சேர் என்றுதான் அர்த்தம்; மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு கிரவுண்டையும் பெட்டிக்குள்ளேயே ஒரு சாண் வயரால் சேர்த்தால் தீர்ந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

மறுநாள் மூன்றாவது குழியையும் வெட்டினார். கூடவே அந்த ஒரு சாண் வயரையும் இணைத்தார். தண்ணீர் பட்டதும் அலாரம் ஊரைக் கூட்டியது.

"நான் சொன்னேன்ல? ஆழந்தான் விஷயம்!" என்று தினேஷ் துள்ளினார்.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு குழிக்குப் பொன்னுவேல் முட்டாள்; மூன்றாவதுக்கு மேனேஜர். தன் பங்கை ஒப்புக்கொள்ள அவருக்குக் கஷ்டமில்லை. மற்றவர் பங்கைச் சொன்னால் வீடு என்னாகும்?

"ஆமாங்க சார். நொம்ப ஆழம் வேணுமுங்க" என்றார்.

இப்போது அவர் எஸ்டேட்டின் டெக்னீசியன். வீடும் தங்கிவிட்டது. முதலாளிக்கு இன்னும் ஐந்து களங்கள் உண்டு. களத்துக்கு மூன்று குழி என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. கழுத்தளவு குழிக்குள் நின்று பொன்னுவேல் மண்ணை வாரி எறிகிறார். தினேஷ் எட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் ஒரு அடி போகட்டும்."

"போகட்டுமுங்க சார்."